கிணற்றைத் திறக்கும் முன்: ஊர் திரும்பிய முதல் வாரங்களுக்கான சுகாதாரப் பாடம்

காணிக்குள் போகலாம் என்று அனுமதி கிடைத்த அன்று அநேகமானவர்கள் முதலில் தேடிப் போவது கிணற்றைத்தான். வீடு நின்ற இடத்தைப் பற்றை மூடியிருக்கும். கூரை இருக்காது. சுவர் நின்றால் அதில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேர்விட்டிருக்கும். எல்லை வேலி எங்கே போனது என்று தெரியாது. கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பற்றையை விலக்கி எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் தெரியும். யாராவது ஒருவர் கயிறும் வாளியும் தேடிக்கொண்டு வருவார். ஒரு வாளி அள்ளி, இரண்டு கையாலும் ஏந்தி, வாயில் வைத்துப் பார்த்து, "அதே உருசிதான்" என்பார்.

இதை நாங்கள் பல வளவுகளில் பார்த்திருக்கிறோம். முகாமில் பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்றவர்களிடம் போய், சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்வது எங்களுக்கும் இலகுவான வேலையல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கிணற்றைத் துப்புரவு செய்து, தண்ணீரைப் பரிசோதித்து முடியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சமைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் வாய் கொப்பளிக்கவும் கொடுக்க வேண்டாம். அதுவரை பிரதேச சபையின் தண்ணீர்த் தாங்கியில் இருந்தோ, பரிசோதிக்கப்பட்ட பொதுக் கிணற்றில் இருந்தோ எடுத்து, கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

வலிகாமம் வடக்குக்குத் திரும்பும் குடும்பங்களை மனதில் வைத்து இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. 1990 யூன் மாதத்தில் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் நீங்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது அங்குள்ள கிணறுகளை அவற்றின் சொந்தக்காரர் தொட்டு 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. வன்னியில் மீள்குடியேறியவர்களும் இதை வாசிக்கலாம். சுண்ணக்கல்லும் உப்பும் பற்றிய பகுதி உங்களுக்கு அவ்வளவு பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

"எங்கட கிணறு ஒருத்தருக்கும் ஒன்றும் செய்ததில்லை"

ஒரு வளவில் வயதான அம்மா ஒருவர் எங்களோடு சண்டைக்கே வந்துவிட்டார். தன் மாமியார் காலத்தில் இருந்து குடித்த தண்ணீர், ஊரில் பாதிப் பேர் குடத்தோடு வந்து அள்ளிய நல்ல தண்ணீர்க் கிணறு, அதற்கு மருந்து போடுவதா என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அந்தக் காலத்தில் அது நல்ல கிணறுதான். அதற்குக் காரணமும் இருந்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான வாளி தண்ணீர் அள்ளப்பட்டது. தோட்டத்துக்கு இறைக்கப்பட்டது. பழைய தண்ணீர் போய்ப் புதிய தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கோடை முடிவில் கிணற்றைக் கலக்கி இறைத்து, ஆள் இறங்கிச் சேறு அள்ளும் வழக்கமும் இருந்தது. கட்டை உடைந்தால் மறுநாளே பூசினார்கள்.

இறைக்காத கிணறு அப்படியல்ல. கட்டு இடிந்து, மழை வெள்ளம் நேரே உள்ளே போயிருக்கும். இலை, கிளை, செத்த பிராணிகள் விழுந்து உக்கியிருக்கும். சில கிணறுகளுக்குள் கட்டட இடிபாடும் கழிவும் கொட்டப்பட்டுள்ளன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அதிலுள்ள கிருமி கண்ணுக்குத் தெரியாது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி மூன்றும் இப்படித் தெளிந்த தண்ணீராலேயே வரலாம். பெரியவர்கள் இரண்டு நாள் வயிற்றுக்குத்தோடு தப்பிவிடுவார்கள். ஒரு வயதுப் பிள்ளையால் அப்படித் தாங்க முடியாது. வயிற்றோட்டத்தில் அந்த உடம்பில் உள்ள நீர் ஒரு பகல் பொழுதுக்குள்ளேயே ஆபத்தான அளவுக்கு வற்றிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு விடயமும் உண்டு. எங்களுக்கு ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது, அதைத்தான் ஆண்டு முழுவதும் அள்ளிக் குடிக்கிறோம். அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. கீரிமலைக் கேணியில் கடற்கரை ஓரத்திலேயே நன்னீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடித் தண்ணீர் கல்லின் பிளவுகள் வழியாகக் கடலை நோக்கிப் போகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. மணல் நிலம் தண்ணீரை வடிக்கும். பிளவுபட்ட சுண்ணக்கல் அவ்வளவாக வடிக்காது. ஆகவே அயல் வளவின் மலசலகூடக் குழியில் இருப்பது உங்கள் கிணற்றுக்கும் வரலாம். உங்கள் குழியில் இருப்பது அவர்களுடைய கிணற்றுக்கும் போகலாம்.

முதலில் கண்ணால் பாருங்கள், கை வைக்காதீர்கள்

கிணற்றுக்குப் போகும் பாதை, கிணற்றைச் சுற்றிய பற்றை, கிணற்றின் அடி ஆகிய மூன்றிலும் வெடிக்காத வெடிபொருட்கள் இருக்கலாம். காணி விடுவிக்கப்பட்டது என்றால் மேற்பரப்புப் பரிசோதிக்கப்பட்டிருக்கும், ஆனால் தண்ணீருக்கு அடியில் உள்ள சேற்றைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. போரின் பின்னர் வட பகுதியில் பல கிணறுகளுக்குள் இருந்து வெடிபொருட்கள் எடுக்கப்பட்டுள்ளன. உங்கள் வளவுக் கிணறு பரிசோதிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கண்ணிவெடி அகற்றும் பிரிவினரை அவர் ஊடாகவே கேட்டுக்கொள்ளலாம்.

பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவு செய்யும் பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். கிணற்று அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கொழுக்கியோ பாதாளக்கரண்டியோ போட்டுத் துழாவவும் வேண்டாம். உலோகத் துண்டு, பெட்டி, வயர் எதைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பொலிஸ் அவசர எண் 119. பிள்ளைகளுக்கு இதைத் தனியாக, அவர்களுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்குக் கிணறும் புதிது, பற்றையும் புதிது. எல்லாம் விளையாட்டுப் பொருளாகவே தெரியும்.

இறைப்பு

ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். தெல்லிப்பழை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பிரிவுக்குரிய பரிசோதகர் யார் என்று சொல்வார்கள். அவர் வந்து பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. அவர் பார்ப்பதற்கு முன் இறைத்து முடித்துவிட்டால், கிணறு எந்த நிலையில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாமல் போகும்.

இறைப்பில் இரண்டு இடங்களில் உயிர் போகிறது. ஒன்று, இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குவது. பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். இறங்கினவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். இயந்திரம் எப்போதும் மேலே, காற்று வீசும் பக்கத்துக்கு மாறான பக்கத்தில், குழாய் மட்டும் உள்ளே என்று வையுங்கள். குழாய் எட்டவில்லை என்றால் மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மெழுகுதிரியைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய முறை. காற்று குறைவாக இருந்தால் திரி அணையும், உண்மைதான். ஆனால் இந்தப் புகை உயிரைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் திரி எரிந்துகொண்டே இருக்கும். திரி எரிகிறதே என்று நம்பி இறங்க வேண்டாம். இறங்குபவரின் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். மேலே இரண்டு பேராவது நிற்க வேண்டும்.

மற்றது கட்டு இடிவது. பல ஆண்டு தண்ணீர் தாங்கி நின்ற பழைய கட்டு, தண்ணீரை ஒரேயடியாக வெளியேற்றினால் உள்ளே சரியக்கூடும். மர வேர் பிளந்த கட்டு என்றால் இன்னும் மோசம். மேசன் ஒருவரைக் காட்டி அபிப்பிராயம் கேட்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

கடலுக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் ஒரு அடி நிரந்தரமாக இறங்கினால் கீழே இருக்கும் உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலநீர் படித்தவர்களின் கணக்கு. பெரிய இயந்திரத்தைப் பூட்டி இரவு பகலாக இறைத்தால் உங்கள் கிணறு மட்டுமல்லாமல் ஒழுங்கையில் உள்ள எல்லாக் கிணறும் சவர் ஆகலாம். சிறிய இயந்திரத்தால், நாலைந்து காலை நேரங்களில், ஊற விட்டு ஊற விட்டு இறையுங்கள். அயலவர்களோடு பேசி முறை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே நாளில் பத்துக் கிணறுகளை இறைக்கும் 'சிரமதானம்' பார்க்க அழகாக இருக்கும். கரையோரத்தில் அது எங்களுக்கு விருப்பமில்லாத வேலை. ஆழப்படுத்துவதும் குழாய்க் கிணறு அடிப்பதும் பற்றி ஆலோசனை கேட்காமல் முடிவு எடுக்காதீர்கள்.

சேற்றை முழுவதும் அள்ளி, சுவரை உரஞ்சிக் கழுவி, அந்தக் கழுவிய தண்ணீரையும் வெளியேற்றுங்கள். சேறு இருக்கும் கிணற்றில் போடும் குளோரினைச் சேறே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து

"ஒரு பேணி தூள் கொட்டினால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் குடிக்க முடியாது. பாவிக்கும் தூளின் வலிமையும் ஒன்றல்ல. ரி.சி.எல். என்று சொல்லும் வெளிற்றும் தூளில் மூன்றில் ஒரு பங்கு அளவே குளோரின், இன்னொரு வகைத் தூளில் மூன்றில் இரண்டு பங்கு. திறந்து வைத்த தூளின் வலிமை நாளாக நாளாகக் குறையும். இதனால்தான் தூளின் அளவை இங்கே நாங்கள் எழுதவில்லை, பரிசோதகர் கையில் உள்ள தூளைப் பார்த்து அவரே சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியது தண்ணீரின் அளவைக் கணக்கிட்டு அவரிடம் கொடுப்பது.

நான் கலைப் பிரிவில் படித்தவள். இந்தக் கணக்கை எனக்குச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மூன்று தடவை மண்ணில் எழுதிக் காட்டினார். ஆகவே உங்களுக்கும் விளங்கும். வட்டக் கிணற்றின் குறுக்களவை அடியில் அளவுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதி எத்தனை அடி என்று பாருங்கள், அது தண்ணீரின் ஆழம். குறுக்களவைக் குறுக்களவால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, ஐந்தால் பெருக்குங்கள். வருவது ஏறத்தாழ எத்தனை கலன் தண்ணீர் என்பது. உதாரணமாக 10 அடி குறுக்களவு, 5 அடி தண்ணீர்: பத்தைப் பத்தால் பெருக்க 100, ஐந்தால் பெருக்க 500, திரும்பவும் ஐந்தால் பெருக்க 2,500 கலன். லீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 11,000. சதுரக் கிணறு என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி ஆறேகாலால் பெருக்குங்கள். கழுவி முடித்துப் புதிய தண்ணீர் ஊறிய பிறகே இந்த அளவை எடுக்க வேண்டும்.

தூளை நேரடியாகக் கிணற்றில் கொட்டுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடியில் மண்டி தங்கவிட்டு, தெளிந்த கரைசலை மட்டும் ஊற்றி, வாளியால் அள்ளி அள்ளித் திரும்ப விட்டுக் கலக்க வேண்டும். மூக்கை ஈரத் துணியால் கட்டுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டு, யாரும் அள்ளாமல் இருக்கக் கிணற்றில் ஓலை கட்டி வையுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, திரும்ப ஊறியதும் பரிசோதகர் சிறு குப்பியில் நிறம் பார்த்து மீதிக் குளோரினை அளப்பார். லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாக வந்தால் கிணற்றைப் பாவிக்கத் தொடங்கலாம். கூட இருந்தால் இன்னொரு முறை இறைக்க வேண்டி வரும். இறைக்கும் குளோரின் தண்ணீரைப் பயிர்க் கன்றுகளுக்கு விடாதீர்கள்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிணற்றில் போட்ட குளோரின் சில நாளில் இல்லாமல் போய்விடும். கட்டு உடைந்திருந்தால் அடுத்த மழைக்கே பழைய நிலைதான். ஆகவே கட்டை உயர்த்துங்கள், சுற்றிவரச் சீமெந்து மேடை போட்டுக் கழிவுநீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள், ஒரு வாளியையும் கயிற்றையும் கிணற்றுக்கென்றே வைத்து நிலத்தில் போடாமல் தொங்கவிடுங்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதைத் தொடருங்கள். குமிழி புரண்டு நன்றாகக் கொதித்தால் போதும். ஆறியதும் மூடியுள்ள குடத்தில் வையுங்கள், கைவிட்டு அள்ளாமல் சரித்து ஊற்றுங்கள்.

கொதிக்க வைத்தும் போகாதவை

கொதி கிருமியைக் கொல்லும். உப்பை, நைத்திரேற்றை, எண்ணெயைப் போக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் பெற்றோல், டீசல் மணம் வந்தாலோ மேலே வானவில் போலப் படலம் தெரிந்தாலோ அந்தக் கிணற்றுக்குக் குளோரின் போட்டுப் பயனில்லை, பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள். வாகனமோ இயந்திரமோ எரிபொருளோ வைக்கப்பட்டிருந்த காணிகளில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

நைத்திரேற்று மணக்காது, உருசியிலும் தெரியாது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் இருந்தும் மலசலகூடக் குழிகளில் இருந்தும் குடாநாட்டின் நிலத்தடி நீருக்குள் அது சேருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்துள்ளது. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் தண்ணீர் குறைந்து நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதற்கு எங்கள் மண்ணில் இது ஒரு மேலதிகக் காரணம். ஏதோ காரணத்தால் பால்மா கொடுக்க வேண்டியிருந்தால், கிணற்றுத் தண்ணீரின் நைத்திரேற்று அளவைக் கேட்டு அறியும்வரை வேறு தண்ணீர் பாவியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தி இதைப் பரிசோதிக்கலாம். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு பொதுக் கிணற்றைப் பரிசோதிப்பது செலவைக் குறைக்கும்.

மலசலகூடம் கட்ட உதவிப் பணம் கிடைத்ததும் குழி எங்கே என்பதை அவசரத்தில் முடிவு செய்துவிடாதீர்கள். கிணற்றில் இருந்து 30 மீற்றராவது, அதாவது ஏறத்தாழ 100 அடி, தள்ளி இருக்க வேண்டும் என்பது நிவாரண வேலைகளில் உலகம் முழுவதும் பின்பற்றும் அளவு. குழியின் அடி மாரி கால நீர்மட்டத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் மேலே நிற்க வேண்டும். இரண்டு பரப்புக் காணியில் நூறடி எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இடம் போதாவிட்டால் அடி மூடிய தொட்டி கட்டிக் கழிவை அகற்றும் வழியைப் பரிசோதகரோடு கதையுங்கள், அயலவரின் கிணறு எங்கே என்பதையும் சேர்த்து அளவுங்கள்.

கிணற்றுக்குள் நுளம்பு

2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்பு பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று கிணறு. கைவிடப்பட்ட கிணறு இன்னும் பிடிக்கும். நோய்க் கிருமி இங்கே இல்லை, ஆனால் காவும் நுளம்பு இருக்கிறது. கிருமியோடு ஒருவர் வந்து சேர்ந்தால் போதும்.

ஆகவே தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், இந்தியாவில் இருந்து வந்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், இலவசம். உங்களைப் பிரித்துப் பார்ப்பதற்காகக் கேட்பதல்ல இது. பாவிக்காத கிணற்றுக்கு நுளம்பு வலை கட்டுங்கள். குடம்பி தின்னும் மீன் விடுவதென்றால் குளோரின் முற்றாகப் போன பிறகு விடுங்கள், முன்னதாக விட்டால் மீன் செத்து மிதக்கும்.

டெங்கு நுளம்பு வேறு. அது சிரட்டை, ரயர், உடைந்த பானை, தறப்பாள் மடிப்பில் தேங்கும் மழைத் தண்ணீரில் பெருகும். இடிந்த வீட்டைத் துப்புரவு செய்யும்போது இவை குவியும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு என்று பதிவாகினர். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுறுபன், டைகுளோபெனக் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், டெங்கில் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் கண்டால் காத்திருக்காதீர்கள்.

வயிற்றோட்டத்துக்கு ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணித்தியாலத்துக்குத்தான். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, வாய் வறண்டு, சிறுநீர் போகாமல், மயக்கமாகக் கிடந்தாலும் மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே வைத்தியசாலை.

நீங்கள் வந்தது குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியுமா?

அவரின் பதிவேட்டில் உங்கள் வளவு இத்தனை காலமும் வெறும் காணி. உங்கள் பெயர் இன்னும் முகாமிருந்த பிரிவின் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று அங்கே உள்ளவர் தேடுவார், இங்கே உள்ளவருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் பிள்ளை தவறிவிடும். வந்த முதல் வாரத்திலேயே போய்ப் பெயர் கொடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எட்டு வாரத்துக்கு முன் பதியுங்கள்.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டு போங்கள். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பழைய பிரிவில் கேட்டுப் புதிதாக எழுதித் தருவார்கள். இந்தியாவில் போட்ட ஊசிகளின் அட்டையும் செல்லும். இங்கே 2, 4, 6 மாதங்களிலும், 9 மாதத்திலும், ஒரு வயதிலும், ஒன்றரை வயதிலும், மூன்று வயதிலும், ஐந்து வயதிலும் தடுப்பூசி உண்டு. எது விடுபட்டது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வார்.

நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள் பழைய கிளினிக் கொப்பியோடு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ அண்மையில் உள்ள வைத்தியசாலைக்கோ போய்ப் பதியுங்கள். வீட்டு வேலை நடக்கும் மாதத்தில்தான் பலர் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் ஒரு நாளும் இடைவிடக்கூடாது, இடம் மாறும் முன்பே மாற்றுக் கடிதம் வாங்குங்கள்.

திரும்பி வந்த பிறகுதான் நித்திரை வரவில்லை என்று சிலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டு இருந்தவர்கள், வந்து பார்த்தால் வீடு தரைமட்டம், அயல் வெறிச்சோடிக் கிடக்கிறது. சாப்பாடு இறங்காமல், யாரோடும் கதைக்க மனமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் சொல்லலாம். 1926 என்ற எண்ணுக்கு அழைத்தும் கதைக்கலாம்.

பயிற்சி பற்றிய அறிவித்தல்

ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இரண்டு பேரைச் சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவிக்கிறோம். கிணற்று அளவு எடுத்தல், மீதிக் குளோரின் பார்த்தல், ஜீவனி கரைத்தல், நாய்க்கடிக் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி ஊசிக்கு அனுப்புதல், பாம்பு கடித்தவரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், காயத்தைக் கீறாமல், அசையாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் என்பவை பாடங்கள். படிப்புத் தகைமை கேட்பதில்லை. எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும். வீட்டில் இருக்கும் பெண்கள் வந்தால் விசேடமாக வரவேற்போம், ஏனெனில் பகலில் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான். பெயரை உங்கள் கிராம அலுவலரிடம் கொடுங்கள், எமது வெளிக்கள உத்தியோகத்தர் வந்து சந்திப்பார்.

அவசரத்துக்கு இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. ஊரை விட்டுப் போன ஆண்டும் அதுவே என்பதால் வலிகாமம் வடக்கில் யாருக்கும் மறக்காது. அழைக்கும்போது ஒழுங்கையின் பெயரையும் அண்மையில் உள்ள கோயிலையோ தேவாலயத்தையோ பாடசாலையையோ சொல்லுங்கள். பல வீதிகளில் பெயர்ப்பலகை இன்னும் போடப்படவில்லை. பிரதான வீதியில் ஒருவர் வந்து நின்று வழிகாட்டினால் வண்டி தேடி அலையாது.